ரோஜா மணக்கும் டயரும் உடப்புக் கருவாடும்

சோளகக் காற்று ஓய்ந்து கடல் அடங்கும் மாதங்களில் சிலாபத்திலிருந்து புத்தளம் நோக்கிப் போகிறவருக்கு, எந்த ஊர் வந்திருக்கிறது என்பதைப் பெயர்ப்பலகைக்கு முன்னால் மூக்கே சொல்லிவிடும். உடப்புப் பக்கம் திரும்பினால் கரைவலையில் வந்த நெத்தலியும் சூடையும் வெயிலில் காயும் வாடை. தென்னந்தோட்டங்களை ஒட்டிக் கொப்பரா வாட்டும் புகை. இன்னும் வடக்கே போய்க் களப்பின் கரையை எட்டியதும், தண்ணீர் வற்றிய சேற்றிலிருந்து எழும் கந்தக நாற்றம். இவற்றை ஒன்றோடொன்று மாற்றிச் சொல்லக் கூடியவர் இந்தக் கரையில் யாருமில்லை.

ஒரு பொருள் யாரிடமிருந்து வந்தது, எங்கிருந்து வந்தது என்று அடையாளம் காட்டுவதுதான் வியாபாரக் குறியின் வேலை. மணம் அந்த வேலையை இவ்வளவு நன்றாகச் செய்கிறதென்றால், ஒரு மணத்தையே வியாபாரக் குறியாகப் பதியலாமா? 2025 நவம்பர் 21ஆம் தேதி இந்திய வியாபாரக் குறிப் பதிவகம் இந்தக் கேள்விக்கு முதன்முறையாக ஆம் என்று விடை சொன்னது. அந்த ஆம் எளிதில் வரவில்லை. முதலில் ஆட்சேபம் வந்தது. அதற்குக் கொடுக்கப்பட்ட பதிலில் சட்டம் பாதி, மூக்கைப் பற்றிய விஞ்ஞானம் பாதி.

ஜப்பானின் சுமிட்டோமோ ரப்பர் நிறுவனம் டயர்களுக்கு ரோஜாப்பூவை நினைவூட்டும் மணம் ஊட்டுகிறது. அந்த மணத்தைத் தன் குறியாகப் பதியக் கோரி 2023 மார்ச்சில் இந்தியாவில் விண்ணப்பித்தது. பிரித்தானியாவில் இதே மணம் 1996இலேயே பதிவாகியிருந்தது. அங்கே பதிவான முதல் மணக் குறி என்ற பெயரும் அதற்கு உண்டு. அதே காலத்தில், எறியம்பு விளையாட்டில் பயன்படும் அம்பின் இறகுகளுக்குக் கசப்பு பியரின் வாடையும் அங்கே பதிவானது. அந்நாளில் அதிகாரிகள் கேட்டதெல்லாம் சொற்களால் ஆன ஒரு விவரிப்புத்தான். ரோஜா மணம் என்று எழுதிக் கொடுத்தால் போதும்.

இந்தியப் பரிசோதகரின் அறிக்கை இரண்டு ஆட்சேபங்களை எழுப்பியது. ஒன்று, இந்த மணத்துக்குத் தனித்துக் காட்டும் தன்மை இல்லை. இரண்டு, 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒரு குறியை வரைபடமாகக் காட்ட முடிய வேண்டும். மணத்தை எப்படி வரைவது? இப்படி அறிக்கை வந்தால் இந்திய விதிகளின்படி ஒரு மாதத்துக்குள் பதில் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதப்படும். பலருடைய விண்ணப்பங்கள் குறியில் குறை இருந்து சாவதில்லை, பதில் போகாமலே சாகின்றன.

முதல் ஆட்சேபத்துக்கான பதில் கேட்கும்போது விசித்திரமாக இருக்கும், ஆனால் உறுதியானது. ரோஜாவுக்கும் டயருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆகவே அது நல்ல குறி. டயர் ரப்பர் வாடை அடிப்பது இயல்பு. அதில் பூ மணந்தால் அது பொருளிலிருந்து வந்ததாக இருக்க முடியாது, யாரோ வேண்டுமென்றே வைத்தது என்று வாங்குகிறவருக்குத் தெரிந்துவிடும். அமெரிக்காவில் 1990இல் பூத்தையல் நூலுக்கு ஈழத்தலரிப் பூவின் மணம் பதிவாக அனுமதி கிடைத்ததும் இதே நியாயத்தில்தான். நூல் மணப்பதில்லை, மணக்கும் நூலை விற்றவர் அந்த விண்ணப்பதாரர் ஒருவரே. மறுபுறம், வாசனைத் திரவியத்தின் வாசனையை அந்தத் திரவியத்துக்கே குறியாகக் கேட்டால் கிடைக்காது. அங்கே வாசனைதான் சரக்கு.

இரண்டாவது ஆட்சேபம்தான் மலை. அதில் ஏற்கெனவே ஒருவர் மோதித் தோற்றிருந்தார். ஜெர்மனியின் காப்புரிமை வழக்கறிஞர் ரால்ஃப் சீக்மன், மெத்தில் சின்னமேட் என்ற பொருளின் மணத்தைப் பதியக் கேட்டார். கறுவாவின் சாயல் கொஞ்சம் கலந்த பழ மணம் அது. இரசாயனச் சூத்திரத்தைக் கொடுத்தார், சொற்களால் விவரித்தார், ஒரு குப்பியில் மாதிரியும் கொடுத்தார். 2002 டிசம்பர் 12ஆம் தேதி ஐரோப்பிய நீதிமன்றம் மூன்றையும், மூன்றும் சேர்ந்ததையும் தள்ளிவிட்டது. சூத்திரம் பொருளைக் காட்டுகிறது, மணத்தைக் காட்டவில்லை. சொல் விவரிப்பு துல்லியமில்லை. குப்பியில் உள்ளது நாளடைவில் மாறிவிடும்.

சூத்திரம் மணத்தைக் காட்டாது என்று நீதிபதிகள் சொன்னதை விஞ்ஞானமும் ஒப்புக்கொள்ளும். கார்வோன் என்றொரு பொருள் இருக்கிறது. அதன் மூலக்கூறில் எத்தனை அணுக்கள், எது எதனோடு இணைந்திருக்கிறது என்பதெல்லாம் ஒன்றே, ஆனால் அது இடக்கை வலக்கை போல இரு வடிவங்களில் வரும். ஒரு வடிவம் புதினா வகை ஒன்றின் மணம், மற்றது சதகுப்பை விதையின் மணம். தாளில் எழுதும் சூத்திரம் ஒன்று. மூக்குக்கு அவை இரண்டு.

ஏன் இப்படி? நிறத்தைப் பார்க்க நம் கண்ணில் மூன்று வகைக் கூம்பணுக்கள் இருக்கின்றன. அதனால் மூன்று எண்களைக் கொண்டு பெரும்பாலான நிறங்களை ஒரு திரையில் மீட்டெடுக்கலாம். மூக்கிலோ ஏறக்குறைய 400 வகை ஏற்பிகள். இத்தகைய ஏற்பிகளுக்கான மரபணுக்களை லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்ஸல் இருவரும் 1991இல் கண்டறிந்து சொன்னார்கள். 2004இல் நோபல் பரிசு பெற்றார்கள். ஒரு மூலக்கூறு பல ஏற்பிகளைத் தட்டும். ஓர் ஏற்பி பல மூலக்கூறுகளுக்குத் திறக்கும். மூளை அந்தக் கூட்டுத் தட்டலைத்தான் மணமாக அறிகிறது. ரோஜாவின் எண்ணெயில் மட்டும் நூற்றுக்கணக்கான சேர்மங்கள் இருக்கின்றன. அவற்றில் டமாஸ்கினோன் மிக அற்பமான அளவில் இருந்தும் மணத்தில் பெரும் பங்கு அதனுடையது. எடை பார்த்தால் தெரியாத ஒன்று மூக்கில் முன்னால் வந்து நிற்கிறது.

இந்த இடத்தில் இந்தியப் பதிவகம் செய்ததை நான் மனதாரப் பாராட்டுகிறேன். சட்டத்தில் இடமில்லை என்று கோப்பை மூடியிருக்கலாம். அதற்குப் பதிலாக, வழக்கறிஞர் பிரவீன் ஆனந்தை நடுநிலை ஆலோசகராக நியமித்தார்கள். அலகாபாத் இந்தியத் தகவல் தொழில்நுட்பக் கழகத்தின் ஆராய்ச்சியாளர்கள் மணத்தை வரைந்து காட்டினார்கள். பூ மணம், பழ மணம், மர மணம், கொட்டைப் பருப்பு மணம், காட்டம், இனிப்பு, புதினாக் குளிர்ச்சி என ஏழு அச்சுகள். டயரின் ரோஜா மணம் ஒவ்வோர் அச்சிலும் எவ்வளவு தூரம் நிற்கிறது என்று ஏழு எண்கள். அந்த ஏழும் சேர்ந்தால் ஏழு பரிமாண வெளியில் ஒரே ஒரு புள்ளி.

ஏழு பரிமாணம் என்றதும் பயப்பட வேண்டியதில்லை. கடலில் வலை போட்ட இடத்தை மறுநாள் கண்டுபிடிக்க நம் மீனவர்கள் கோயில் கோபுரத்தை ஒரு தென்னையோடும், இன்னொரு பக்கம் ஒரு மேட்டை ஒரு கட்டடத்தோடும் நேர்கோட்டில் வைத்துப் பார்ப்பார்கள். தண்ணீரில் எந்த அடையாளமும் இல்லை. ஆனால் கரையிலுள்ள குறிகளிலிருந்து அந்த இடம் கிடைத்துவிடுகிறது. ஏழு அச்சுகளும் அப்படியான கரைக் குறிகள்தான். மணத்தைத் தாளில் ஒட்ட முடியாது. அது எங்கே நிற்கிறது என்று எழுத முடியும். நாளை இன்னொருவர் வேறொரு பூ மணத்தோடு டயர் விற்க வந்தால், இரண்டு புள்ளிகளுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று கணக்குப் போடலாம். சொல் விவரிப்பால் செய்ய முடியாதது இது.

தலைமைக் கட்டுப்பாட்டாளர் உன்னத் பண்டிட் இந்தப் பதிலை ஏற்று, விண்ணப்பத்தை மணக் குறி என்ற வகையில் விளம்பரப்படுத்த உத்தரவிட்டார். விளம்பரம் என்பது பதிவு அல்ல. இந்தியச் சட்டத்தில் அதன்பின் நான்கு மாதம் வரை யாரும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம்.

பதிலைப் பாராட்டினாலும் அதன் பலவீனத்தை மறைக்க மாட்டேன். அச்சுகளைத் தேர்ந்தெடுத்தவர்கள் மனிதர்கள். அந்த ஏழில் மீன் வாடைக்கு ஓர் அச்சு இல்லை, கந்தகத்துக்கும் இல்லை. உடப்பின் கருவாட்டையும் புத்தளம் களப்பின் சேற்றையும் அந்த வெளியில் வைத்தால் இரண்டும் காட்டம் என்ற அச்சின் பக்கமாகவே ஒதுங்கி, ஒன்றுக்கொன்று கிட்டவாக நிற்கும். இந்தக் கரையின் சிறுபிள்ளைக்கும் தெரிந்த வித்தியாசம் அந்தப் படத்தில் காணாமல் போகும்.

ஏனென்றால் அந்த இரண்டு வாடைகளும் பிறக்கும் விதமே வேறு. கடல் மீனின் தசையில் டிரைமெத்திலமைன் ஒக்சைட் என்ற பொருள் இருக்கிறது. உப்புக் கடலில் உடம்பின் நீரைச் சமப்படுத்தி வைத்துக்கொள்ள மீனுக்கு அது உதவுகிறது, அதற்கு மணமில்லை. மீன் செத்ததும் பற்றீரியாக்கள் அதைப் பிடித்து டிரைமெத்திலமைனாக மாற்றுகின்றன. மீன் வாடை என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு அதுதான். அது காரத்தன்மை உள்ளது. புளிப்பு பட்டால் உப்பாக மாறி ஆவியாகாமல் அடங்கிவிடும். கருவாட்டுக் குழம்பில் புளியோ கொறுக்காயோ விழுந்தவுடன் வீட்டு வாடை தணிவதன் காரணம் இது. கருவாட்டுக்குள் வேறு மணங்களும் உண்டு. பாரை, கட்டா போன்றவற்றைக் கீறிக் குடலெடுத்து, உப்பைத் தசைக்குள் அழுத்தித் தேய்த்து அடுக்கி வைத்துப் பின் கழுவிக் காயப்போடும்போது, கொழுப்பு காற்றோடு கூடி உடைந்து தனி வாசனைகளைத் தருகிறது. நெத்தலிக்கு இந்தப் பாடு இல்லை; பரப்பிவிட்டால் வெயில் பார்த்துக்கொள்ளும். ஆகவே அதன் மணமும் வேறு.

களப்பின் சேற்றில் நடப்பது இன்னொன்று. சேற்றுக்குள் காற்று இறங்குவதில்லை. அங்கு வாழும் பற்றீரியாக்கள் ஒக்சிசனுக்குப் பதிலாகக் கடல் நீரிலுள்ள சல்பேற்றைப் பயன்படுத்தி, ஐதரசன் சல்பைட்டை வெளியே விடுகின்றன. நூறு கோடியில் ஒரு சில பங்கு காற்றில் இருந்தாலே நம் மூக்கு அதைப் பிடித்துவிடும்.

இனி நம்முடைய சட்டத்துக்கு வருவோம். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், வியாபாரக் குறி என்பது கண்ணால் காணக்கூடிய ஓர் அடையாளம் என்று வரையறுக்கிறது. சுமிட்டோமோவின் பதில் கொழும்பில் எடுபடாது. இந்தியச் சட்டம் வரையக்கூடியதைக் கேட்கிறது. மணத்தை வரைந்து காட்ட ஒரு வழி பிறந்துவிட்டது. நம் சட்டம் காணக்கூடியதைக் கேட்கிறது; ஏழு பரிமாண வரைபடத்தைப் பார்க்கலாம், மணத்தைப் பார்க்க முடியாது. சட்டம் திருத்தப்பட்டாலும் கருவாட்டின் மணம் கருவாட்டுக்குக் குறியாகாது, அது பொருளின் இயல்பு என்பதால்.

இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. டயரோடு ஒட்டாத ரோஜாவுக்குக் காப்புக் கிடைக்கிறது. ஊரின் கடலும் உப்பும் வெயிலும் சேர்ந்து உண்டாக்கிய மணத்துக்கு, அது உண்மையானது என்ற காரணத்தாலேயே கிடைக்கவில்லை. வியாபாரக் குறிச் சட்டத்தின் நோக்கத்தைப் பார்த்தால் அது சரிதான். ஊர் முழுவதன் மணத்தை ஒரு கம்பனி தன் பெயரில் பூட்டிவைத்தால் மற்ற வாடிக்காரர் எங்கே போவார்கள்?

பெயருக்கும் இதே விதி. உடப்பில் ஒருவர் உடப்புக் கருவாடு என்ற இரண்டு சொற்களை மட்டும் தன் குறியாகப் பதியக் கேட்டால், ஒன்று ஊரின் பெயர், மற்றது சரக்கின் பெயர் என்று ஆட்சேபம் வரும். ஒரு தனிச் சொல்லையோ சித்திரத்தையோ சேர்த்து, அந்தச் சேர்க்கையைத்தான் கேட்கிறேன், ஊர்ப் பெயரில் எனக்குத் தனியுரிமை வேண்டாம் என்று பதில் சொல்வது ஒரு வழி. ஒருவருக்கு அது போதும். ஊருக்குப் போதாது.

ஊருக்கான வழி புவிசார் குறியீடு. சீக்மனின் கறுவா சாயல் மணத்தைத் தள்ளிய அதே ஐரோப்பா, 2022 பெப்ரவரியில் இலங்கைக் கறுவாவின் பெயரைப் புவிசார் குறியீடாகப் பதிவுசெய்து காப்புக் கொடுத்தது. இலங்கைப் பொருள் ஒன்றுக்கு அங்கே கிடைத்த முதல் பதிவு அது. மணத்துக்குக் கிடைக்காத காப்பு, அந்த மணத்தைத் தரும் மண்ணின் பெயருக்குக் கிடைத்தது. அதே ஆண்டு இலங்கையும் தன் புலமைச் சொத்துச் சட்டத்தைத் திருத்திப் புவிசார் குறியீடுகளுக்கு ஒரு பதிவேடு வைக்க வழிசெய்தது.

அந்தப் பதிவேட்டுக்கு உடப்போ கற்பிட்டியோ போவதானால் கையில் எடுத்துப் போக வேண்டிய கோப்பு சின்னதல்ல. எந்த மீன், எந்த மாதம், எந்த உப்பு, எத்தனை நாள் வெயில், தரையிலா பாயிலா தட்டியிலா என்று எல்லாம் எழுத வேண்டும். அதைவிட முக்கியம், இந்த இடத்துக்கும் இந்தச் சுவைக்கும் உள்ள தொடர்பைக் காட்டுவது. அங்கே வேறொரு கரை எழுந்து, எங்களூரிலும் இதே நெத்தலி இதே வெயிலில்தான் காய்கிறது என்று ஆட்சேபிக்கலாம். எங்கள் அப்பன் பாட்டன் காலத்திலிருந்தே இது வேறு என்று பதில் சொன்னால் கேட்கிறவருக்கு நெகிழ்ச்சி வரும், பதிவு வராது. இரண்டு கரைகளிலும் ஒரே நாளில் பிடித்த ஒரே இன மீனைக் காயவைத்து, ஆவியாகும் சேர்மங்களை வாயு நிறப்பகுப்புக் கருவியில் பிரித்து அளந்து, பருவம் மாறும்போது திரும்பவும் அளந்து, ருசி பார்க்கும் பழகிய மூக்குகளிடம் பெயர் மறைத்துக் கொடுத்துச் சோதித்த முடிவுகளைப் பக்கத்தில் வைத்தால் அது பதில். அந்த வேலைக்கு வேண்டிய கருவிகள் பல்கலைக்கழக ஆய்வுகூடங்களில் இருக்கின்றன. மீனைக் காயவைக்கத் தெரிந்தவர்கள் உடப்பில் இருக்கிறார்கள்.