சோறு நீக்கிய உணவும் உடல் மெலிவும்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உடல் மெலிய விரும்புவோர் சிலர் இன்று சோற்றையும் பாணையும் விலக்கி, இறைச்சி, மீன், முட்டை என்பவற்றையே உண்ணத் தலைப்படுகின்றனர். நியாண்டர் செல்வனின் ‘பேலியோ டயட்’ என்னும் நூல் இம்முறையைத் தமிழரிடையே பரப்பிற்று. எனினும் இது புதுமையன்று. இலண்டன்வாசியாகிய வில்லியம் பாண்டிங் என்பார், தம் வைத்தியரின் அறிவுரைப்படி பாண், சீனி, உருளைக்கிழங்கு முதலியவற்றை நீக்கி மெலிந்த வரலாற்றை 1863இல் சிறுநூலாக வெளியிட்டார். ஓராண்டளவில் அவர் இழந்த நிறை 46 இறாத்தல்.

மாப்பொருளும் சீனியும் குறைந்தால், உடலிற் கிளைக்கோசனாகச் சேமிக்கப்பட்டிருப்பது முதலிற் செலவாகும். அதன் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ 3 கிராம் நீரைப் பற்றி நிற்பதால், முதல் வாரத்தில் தராசு காட்டும் குறைவிற் பெரும்பங்கு நீரேயாம், கொழுப்பன்று. பின்னர், புரதம் பசியை அடக்க, உண்ணும் அளவு குறைந்து கொழுப்பு மெல்லக் கரையும்.

2018இல் வெளியான ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வில் 609 பேர் பங்குபற்றினர். ஓராண்டு முடிவில் மாப்பொருள் குறைத்தோர் சராசரி 6.0 கிலோவும், கொழுப்புக் குறைத்தோர் 5.3 கிலோவும் மெலிந்தனர், இவ்வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதன்று. சீனியையும் தீட்டிய மாவையும் தவிர்க்குமாறு இரு சாராருக்குமே கூறப்பட்டிருந்தது. ஆகவே, மரக்கறி உண்ணும் சைவர் மெலிவின்பொருட்டுத் தம் நெறியைக் கைவிடல் வேண்டா. சோற்றையும் சீனியையும் குறைத்து, பயறு, கடலை, கீரை முதலியவற்றைக் கூட்டுதலே அமையும்.

நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ கொள்வோர் வைத்தியரை வினவாது சோற்றை நிறுத்தலாகாது. மருந்தின் அளவு மாறாதிருக்கச் சோறு மட்டும் நீங்கின், குருதியிலுள்ள சர்க்கரை உயிருக்கு ஆபத்தாம் அளவிற்குத் தாழக்கூடும்.