மூளைமென்சவ்வுப் பங்கசுத் தொற்றும் மூலக்கூற்று நோயறிதலும்

மைய நரம்புத் தொகுதியைத் தாக்கும் நுண்ணுயிர்களுள் பங்கசுக்கள் அருகியே காணப்படுவன. ஆயினும் அவை விளைக்கும் மூளைமென்சவ்வழற்சி, காலந்தாழ்த்தி அறியப்படின் பெரும்பாலும் உயிரைக் கவர்வதாகும். நாட்பட்ட தலையிடி, காய்ச்சல், கழுத்து விறைப்பு ஆகிய குறிகள் காசநோய் மூளைமென்சவ்வழற்சிக்கும் பொதுவானவை. மருந்துகளோ முற்றிலும் வேறானவை. காசநோயில் நன்மை பயக்கும் டெக்சாமெதசோன், எச்.ஐ.வி. தொற்றுடையோரின் கிரிப்டோகொக்கசு அழற்சியில் கேடு விளைத்ததை 2016 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. ஆகவே நுண்ணுயிரின் பெயரை விரைந்தறிதல் இன்றியமையாததாகும்.

இதனை உணர்த்தும் நிகழ்ச்சி நம் நாட்டிலேயே உண்டு. 2005 இல் சீசர் சத்திரசிகிச்சைக்காக முள்ளந்தண்டில் விறைப்பு ஊசி பெற்ற ஐந்து தாய்மாருக்கு அசுபெர்கிலசு மூளைமென்சவ்வழற்சி ஏற்பட்டது. மூவர் இறந்தனர். கடற்கோளின் பின் மருத்துவப் பொருட்கள் தகுந்தவாறு களஞ்சியப்படுத்தப்படாமையே காரணமாதல் கூடும் என ஐயுறப்பட்டது. காரணி முற்கூட்டி இனங்காணப்பட்டு வொரிகொனசோல் பெற்ற இருவர் உயிர் தப்பினர்.

முண்ணாண் பாய்பொருளை நுணுக்குக்காட்டியில் நோக்குதலும் வளர்ப்பூடகத்தில் வளர்த்தலும் மரபான முறைகள். வளர்ப்புக்குப் பல நாட்கள், சிலவேளை வாரங்கள் செல்லும். மூலக்கூற்று முறையோ பங்கசின் டீ.என்.ஏ.யையே தேடுகின்றது. எல்லாப் பங்கசுக்களிலும் இறைபோசோம் பரம்பரையலகுகள் பெரிதும் ஒத்திருக்க, அவற்றின் இடைப்பட்ட துண்டம் இனத்துக்கு இனம் வேறுபடும். ஒத்த பகுதிகளைப் பற்றுக்கோடாகக் கொண்டு, பொலிமரேசுச் சங்கிலித்தாக்கத்தால் இடைத்துண்டத்தைப் பன்மடங்காகப் பெருக்கி, அதன் மூல வரிசையை வாசித்தால் இனம் புலப்படும். இத்துண்டமே 2012 இல் பங்கசுக்களின் பொது அடையாளக் குறியாக முன்மொழியப்பட்டது.

எனினும் இம்முறைக்கு எல்லைகள் உள. பங்கசின் தடித்த கலச்சுவர் எளிதில் உடையாது. பாய்பொருளில் கலங்களும் சிலவே இருக்கும். எனவே எதிர்மறை முடிவு நோயின்மையை நிறுவாது. மறுபுறம், காற்றில் மிதக்கும் வித்தியொன்று மாதிரியிற் கலப்பின் பொய்யான நேர்முடிவு தோன்றும்.

மொனராகலை போன்ற மாவட்டங்களுக்கு இவ்வெல்லைகள் மேலும் பொருளுடையன. பங்கசுகளுக்கான தேசிய மேற்கோள் ஆய்வுகூடம் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் உள்ளது. மாதிரி ஏறத்தாழ 250 கிலோமீற்றர் செல்லவேண்டும். கரும்புத் தோட்டத்திலோ இறப்பர்த் தோட்டத்திலோ உழைக்கும் ஒருவர் வாரக்கணக்கான தலையிடியுடன் வரும்போது, வைத்தியர் முதலில் பங்கசை ஐயுறல் வேண்டும். கிரிப்டோகொக்கசின் உறைப்பொருளைக் காட்டும் பட்டைச் சோதனை, பெருங்கருவியேதுமின்றிச் சில நிமிடங்களில் விடை தருவது. ஏனையவற்றுக்குப் போதிய பாய்பொருளைத் தூய முறையிற் பெற்று, வளர்ப்புக்குரிய பங்கைக் குளிரூட்டாதும், மூலக்கூற்றுச் சோதனைக்குரியதைக் குளிரிலும் அனுப்புதல் தக்கது. நுண்ணிய கருவி தலைநகரில் இருப்பினும், அதன் விடையின் தகுதி நோயாளியின் கட்டிலருகே எடுக்கப்படும் சில மில்லிலீற்றர் பாய்பொருளிலேயே தங்கியுள்ளது.