திருச்சி – பலாலி: 185 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம்

திருச்சி விமான நிலையத்திலிருந்து யாழ்ப்பாணம் பலாலிக்கு நேர்க்கோடு போட்டால் நீளம் சுமார் 185 கிலோமீட்டர். கன்னியாகுமரிக்குச் சாலையில் போகும் தூரத்தில் பாதிதான். அந்தக் கோடு மல்லிப்பட்டினம் பக்கமாகக் கரையைத் தாண்டுகிறது; ஏறத்தாழப் பாதி வழி நிலம், மீதி பாக் நீரிணை. 2025 மார்ச் 30 அன்று இண்டிகோ இந்தத் தடத்தில் சேவையைத் தொடங்கியது. பயண நேரம் ஏறத்தாழ ஒரு மணி.

பறக்கும் ஏடிஆர் 72 ரக விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தைத் தொடக்கூடியது. கணக்குப்படி 22 நிமிடம் போதும். ஆனால் அட்டவணை நேரம் என்பது, விமானம் நின்ற இடத்தைவிட்டு நகர்வதில் தொடங்கி, இறங்கிய ஊரில் போய் நிற்பதில் முடிவது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறுவது, இறங்கும் திசைக்குச் சுற்றி வருவது எல்லாம் அதற்குள் அடக்கம். இவ்வளவு குறுகிய தடத்தில் முழு வேகத்தில் பறப்பது கொஞ்ச நேரம்தான்.

பயணிகள் பின்பக்கக் கதவு வழியாக ஏறுகிறார்கள். பெட்டிகள் முன்பக்கம் போகின்றன. இறக்கை ஜன்னலுக்கு மேலே இருப்பதால் கீழே கடல் மறைப்பில்லாமல் தெரியும். இரு நாட்டுக் கடிகாரங்களும் ஒரே நேரத்தைக் காட்டுவதால் மாற்றிவைக்கும் வேலையும் இல்லை.

பலாலிக்கு நேரடி விமானம் இல்லாத காலத்தில் யாழ்ப்பாணத்துக்குப் போனவர்களின் பாட்டை நினைத்தால் மனம் கனக்கிறது. சென்னையில் ஏறி 645 கிலோமீட்டர் தெற்கே, கொழும்புக்கு அருகிலுள்ள கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்க வேண்டும். சென்னை–கட்டுநாயக்கா நேர்க்கோடு யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேலாகவே போகிறது! சொந்த ஊரைத் தாண்டிப் போய் இறங்கி, 350 கிலோமீட்டருக்கும் மேலாகச் சாலையில் வடக்கே திரும்பி வந்தார்கள். பஸ்ஸில் ஓர் இரவு அதிலேயே கழிந்துவிடும்.

இத்தனைக்கும் பலாலி புதிய நிலையமல்ல. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் விமானப்படை அமைத்தது. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோனின் முதல் விமானம் கொழும்புப் பக்கத்து ரத்மலானையிலிருந்து பலாலி வழியாகத்தான் சென்னைக்குப் போனது. பின்னர் உள்நாட்டுப் போர் வந்து எல்லாம் நின்றது. 2019இல் சென்னை–பலாலி சேவை தொடங்கி, அடுத்த மார்ச்சில் கொரோனாவால் முடங்கி, 2022 டிசம்பர் 12 அன்று மீண்டும் உயிர்பெற்றது.

ஏன் ஏடிஆர்? பலாலியின் ஓடுபாதை பெரிய ஜெட் விமானங்களுக்கு ஏற்றதல்ல. குறைந்த நீளத்தில் எழும்பி இறங்கக்கூடிய விமானம்தான் அங்கே கட்டுபடியாகும். இருக்கைகள் குறைவு, ஏற்றும் பாரமும் குறைவு. ஓடுபாதையை நீட்ட வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. ஆனால் நிலையத்தைச் சுற்றியுள்ள நிலம் 1990இல் அந்தப் போரால் இடம்பெயர்ந்த குடும்பங்களின் காணி. ராணுவத்திடமிருந்து அது கொஞ்சம் கொஞ்சமாக விடுவிக்கப்பட்டும் இன்னும் பலர் காத்திருக்கிறார்கள். விரிவாக்கத்துக்கு வரைபடம் விரிக்கும் அதே மேசையில், அந்தக் காணிச் சொந்தக்காரர்களையும் உட்காரவைத்துப் பேச வேண்டும்.