முள்ளை எடுத்தால் போதுமா... புல் வர வேண்டாமா?

உத்திரமேரூர் என்றதும் குடவோலைதான் ஞாபகத்துக்கு வரும். வைகுண்டப் பெருமாள் கோயிலில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் (கி.பி. 919, 921) வெட்டிய கல்வெட்டுகளில் இன்னொரு விஷயமும் இருக்கு. ஏரியைப் பராமரிக்க ஆறு பேர் கொண்ட 'ஏரி வாரியம்'. அவர்கள் பொறுப்பு ஒரு நாளோடு முடியாது... 360 நாள்!

இன்று காஞ்சிபுரம் மாவட்டத்து ஏரிக்கரைகளிலும் மேய்ச்சல் புறம்போக்கிலும் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் விறகுக்காக அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மரம். ஆடு, மாடு அதன் காயைத் தின்னும். விதை சாணத்தோடு போய் விழுந்த இடமெல்லாம் முளைக்கும். அறுகும் கொழுக்கட்டைப் புல்லும் இடமில்லாமல் போய்விடும். அதன் மகரந்தம் சிலருக்குத் தும்மலையும் ஆஸ்துமாவையும் கிளப்பும். இப்படிப்பட்ட அயல் தாவரங்களை அகற்றி இயற்கையை மீட்க 2022ல் தமிழக அரசு தனிக் கொள்கையே வெளியிட்டது.

"நாமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பிடுங்கலாமே!" என்கிறீர்களா? பேஷாகப் போகலாம். குனிந்து நிமிர்ந்து மண்வெட்டி பிடிப்பது நல்ல உடற்பயிற்சிதான். ஆனால், சில விஷயங்கள்...

* அது அரசு நிலம். கிராம நிர்வாக அலுவலர், ஊராட்சி, நீர்வளத் துறை... யாரிடம் அனுமதி வாங்கணுமோ வாங்கிவிடுங்கள். அந்த விறகை நம்பிப் பிழைக்கிற குடும்பங்களிடமும் பேசுங்கள்.

* மேலாக வெட்டினால் நாலு மடங்காகத் துளிர்க்கும். வேரோடு தோண்டி எடுக்கணும்.

* தடித்த ஷூ, தோல் கையுறை கட்டாயம். முள் குத்தினால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்து வருஷம் தாண்டியிருந்தால் டாக்டரைப் பாருங்கள். மூட்டருகே முள் ஏறினால் நீங்களே நோண்ட வேண்டாம்!

* புதரில் பாம்பு இருக்கலாம். முதலில் கம்பால் தட்டிப் பாருங்கள். கடித்துவிட்டால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள். உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.

* வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள். தண்ணீர், உப்புப் போட்ட மோர் கூடவே இருக்கட்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் கிளம்ப வேண்டாம்.

முள்ளை எடுத்ததும் போட்டோ பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டால்? அடுத்த மழையில் மண்ணில் கிடக்கும் விதையெல்லாம் மறுபடி முளைக்கும்! மேய்ச்சல் நிலமென்றால் மழைக்கு முன்பே நாட்டுப் புல் விதையைத் தூவி, அது வேர் பிடிக்கும்வரை ஆடு மாடு நுழையாமல் காக்கணும். மரக்கன்றாக நட்டு நிரப்பிவிடவும் கூடாது. மாட்டுக்கு வேண்டியது புல்லாச்சே! ஒவ்வொரு மழைக்குப் பிறகும் போய், முளைத்த கன்றுகளைக் கையோடு பிடுங்கணும். ஈர மண்ணில் சுலபமாக வந்துவிடும். குழந்தைகள்கூடக் கையுறை போட்டுக்கொண்டு உதவலாம்.

ஆகவே, பேர் கொடுக்கும்போது ஒரு நாளுக்குக் கொடுக்காதீர்கள். உத்திரமேரூர்க்காரர்கள் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறார்கள்... 360 நாள்!