வார்த்தைக்கு முன்னே படம்! உங்களுக்குத் தெரியுமா?

ஒரே ஒரு நிமிட வீடியோ. திரையின் ஒரு பாதியில் ஆட்டம் போடும் குழந்தைகள், மறுபாதியில் நெளிந்து நகரும் கோடுகளும் வட்டங்களும். அமெரிக்காவின் சான் டியாகோவில் ஆய்வாளர் கேரன் பியர்ஸ் குழுவினர் இதை 110 சின்னஞ்சிறு குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். பார்த்த நேரத்தில் 69 சதவீதத்துக்கு மேல் கோடுகளிலேயே கண் வைத்திருந்த அத்தனை பேருக்கும் ஆட்டிசம் இருந்தது. கணிப்பு 100-க்கு 100! (கோடுகளைத் திரும்பியும் பார்க்காத ஆட்டிசக் குழந்தைகளும் நிறைய உண்டு. வீட்டில் சோதித்துப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள்!)

ஆட்டிசத்தைக் கண்டறிய உதவ, குழந்தையின் கண் எங்கே போகிறது என்று நொடிக்கு 120 முறை குறித்துக்கொள்ளும் கருவியும் வந்துவிட்டது! 2022-ல் அமெரிக்க அரசு அனுமதியும் கொடுத்துவிட்டது. 16 மாதக் குழந்தைக்கே பயன்படுத்தலாம். குழந்தைக்கு என்ன வேலை? வீடியோ பார்ப்பது மட்டும்தான்!

தள்ளுவண்டிப் படத்துக்குள் ஒரு முக்கோணம் ஒளிந்திருக்கிறது. தேடுங்கள்! நாம் தேடிக்கொண்டே இருப்போம். ஆட்டிசம் உள்ள குழந்தைகள் சட்டென்று விரலை வைத்துவிடுகிறார்கள். 1983-ல் ஆய்வாளர்கள் அமிதா ஷாவும் யூட்டா ஃப்ரித்தும் இப்படி 25 படங்கள் கொடுத்துப் பார்த்தார்கள். ஆட்டிசக் குழந்தைகளின் சராசரி மதிப்பெண் 21!

இதைக் கேளுங்கள். கனடாவில் ஆட்டிசம் உள்ள 38 குழந்தைகளுக்கு அறிவுத்திறன் சோதனை. வாயால் பதில் சொல்லும் கேள்விகள் நிறைந்த வழக்கமான சோதனையில் ‘உயர் அறிவுத்திறன்’ வரிசைக்கு ஒரு பிள்ளைகூட வரவில்லை. அதே பிள்ளைகளிடம் ரேவன் படப் புதிரைக் கொடுத்தார்கள். விடுபட்ட துண்டு எது என்று கண்டுபிடித்தால் போதும், பேச்சே தேவையில்லை. மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகள் அந்த வரிசைக்குள் வந்துவிட்டார்கள்! பிள்ளைகள் மாறவில்லை, கேள்வித்தாள்தான் மாறியது!

2007-ல் வெளியான அந்த ஆய்வுக் கட்டுரையில் முதல் பெயர் மிஷெல் டாசன். அவருக்கும் ஆட்டிசம்!

பேச்சு வராத குழந்தைக்கு பிஸ்கட் வேண்டும். பிஸ்கட் படத்தை எடுத்து அம்மா கையில் கொடுக்கிறது. உடனே பிஸ்கட் கிடைக்கிறது! இதுதான் ‘பெக்ஸ்’ முறை. 1985-ல் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் ஆண்டி பாண்டியும் லோரி ஃப்ராஸ்ட்டும் உருவாக்கியது. மொத்தம் 6 கட்டம்.

முதல் கட்டத்தில் ஒரு விதி இருக்கிறது, அசந்துபோவீர்கள். “என்ன வேணும் கண்ணா?” என்று கேட்கவே கூடாது! குழந்தைக்குப் பின்னால் இன்னொருவர் உட்கார்ந்து, வாய் திறக்காமல் அதன் கையை மட்டும் வழிநடத்துவார். கேட்டால் கொடுப்பதல்ல, தானாக வந்து கேட்பதுதான் பாடம். அந்தக் கேள்வி எப்போது வரும் தெரியுமா? 5-ஆம் கட்டத்தில்!

2-ஆம் கட்டத்தில் படத்தைத் தூரத்தில் வைத்துவிடுவார்கள். குழந்தை எழுந்து போய் எடுத்து, ஆளையும் தேடிப் பிடித்துக் கொடுக்க வேண்டும். கொடுக்கிறதே!

“படத்தைக் கொடுத்துப் பழக்கினால் அப்புறம் வாயே திறக்க மாட்டானே?” எத்தனை அம்மாக்களின் தூக்கத்தைக் கெடுத்த பயம் இது! 2006-ல் மூன்று ஆய்வாளர்கள் பழைய ஆய்வுகளைத் தோண்டினார்கள். படம், சைகை, கருவி என்று மாற்று வழியில் பழகிய, வளர்ச்சிக் குறைபாடு உள்ள 27 பேரின் விவரம் கிடைத்தது. 24 பேருக்குப் பேச்சு கூடியிருந்தது! மற்ற 3 பேருக்கு மாற்றமில்லை. குறைந்தவர்கள்? பூஜ்யம்!

படத்தைத் தொட்டால் குரல் வரும் ‘ஆவாஸ்’ செயலி எங்கே பிறந்தது? நம்ம சென்னையில்! உருவாக்கியவர் ஐ.ஐ.டி. மெட்ராஸில் படித்த அஜித் நாராயணன். 2011-ல் எம்.ஐ.டி.யின் ‘டெக்னாலஜி ரிவ்யூ’ இதழ் தேர்ந்தெடுத்த 35 இளம் கண்டுபிடிப்பாளர்களில் ஒருவர். ஆவாஸ் தமிழும் பேசும்!

டோக்கியோ நகரத்தை ஹெலிகாப்டரில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார் ஆட்டிசம் உள்ள லண்டன் ஓவியர் ஸ்டீபன் வில்ட்ஷையர். இறங்கி வந்து, நினைவிலிருந்தே 7 நாளில் வரைந்து முடித்தார். படத்தின் நீளம் 10 மீட்டர்!

அந்த ஸ்டீபனுக்குச் சின்ன வயதில் பேச்சே இல்லை. எப்போதும் வரைந்துகொண்டே இருப்பான். வாய் திறந்து கேட்கட்டும் என்று ஆசிரியர்கள் வரைபொருட்களை எடுத்து வைத்துக்கொண்டார்கள். 5 வயதில் முதல் சொல் வந்தது. அம்மா இல்லை, அப்பா இல்லை. ‘பேப்பர்’!