வட்டிக்கு ஒரு ராமானுஜன் கணக்கு!

மயிலாப்பூர் மாட வீதியில் ஒரு வட்டிக்காரர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். "ஆயிரம் ரூபா தர்றேன் ஸார். வருஷத்துக்கு ஆயிரமா மூணு வருஷம் குடுத்துடுங்க. கணக்கு தீர்ந்துது!" என்கிறார். வட்டி எத்தனை பர்சென்ட்?

"மூணு வருஷத்துக்கு ரெண்டாயிரம்... வருஷத்துக்கு 67 பர்சென்ட்" என்று மனக்கணக்குப் போட்டீர்களா? ஏமாந்தீர்கள்! ஒவ்வொரு தவணையிலும் அசலும் கொஞ்சம் கழிகிறதே!

சரியான கணக்கு இதுதான். அடுத்த வருஷம் வரப்போகிற ஒரு ரூபாய்க்கு இன்றைக்கு என்ன மதிப்பு? அந்த எண் முதல் தவணைக்கு. அதன் வர்க்கம் இரண்டாவதற்கு. அதன் கனம் மூன்றாவதற்கு. மூன்றும் சேர்ந்து 1 ஆக வேண்டும். ஆக, இது முப்படிச் சமன்பாடு!

இதற்கு இத்தாலிக்காரர் கார்டானோ 1545-லேயே ஃபார்முலா அச்சிட்டுவிட்டார். ஆனால் கனமூலத்துக்குள் வர்க்கமூலம் என்று தலை சுற்றும். நம்ம ராமானுஜன் சின்ன வயசில் கும்பகோணத்தில் அதைக் கற்று, நாற்படிச் சமன்பாட்டுக்குத் தானே வழி கண்டுபிடித்தவர். ஆனால் அவருடைய நோட்டுப் புத்தகத்தில் மூலமே எடுக்காத இன்னொரு வழியும் இருக்கிறது. நம்ம கணக்குக்கு அது வெறும் கூட்டல்தான்!

1, 1, 2 என்று ஆரம்பியுங்கள். கடைசி மூன்றையும் கூட்டி அடுத்ததை எழுதுங்கள்: 4, 7, 13, 24, 44, 81, 149, 274, 504, 927. இனி ஒவ்வொன்றையும் அடுத்ததால் வகுங்கள். 13-ஐ 24-ஆல் வகுத்தால் 0.5417. 44-ஐ 81-ஆல் வகுத்தால் 0.5432. 504-ஐ 927-ஆல் வகுத்தால் 0.54369. ஐந்து தசம ஸ்தானம் வரை விடை சரி! திருப்பி வகுத்தால் 1.839. அதாவது, வட்டி 84 பர்சென்ட்!

வேறு சமன்பாடானால், கூட்டுமுன் அதிலுள்ள கெழுக்களால் பெருக்கிக்கொள்ள வேண்டும். கிடைப்பது பூஜ்யத்துக்கு மிக அருகிலுள்ள விடை மட்டுமே. 18-ம் நூற்றாண்டில் டேனியல் பெர்னூலி சொன்னதும் இதே ஜாதி வழிதான்.

எஃப்.ஏ. பரீட்சையில் தோற்று, 1912-ல் துறைமுகத்தில் முப்பது ரூபாய் சம்பளத்துக்குக் குமாஸ்தாவானவர் ராமானுஜன். காகிதம் வாங்கக் கட்டாது. சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் எழுதுவார். அந்த நோட்டுகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொக்கிஷம். 1957-ல் பம்பாய் டாடா ஆராய்ச்சி நிறுவனம் அவற்றை அப்படியே படமெடுத்துப் புத்தகமாக்கியது.

தி.நகரில் தவணைக்கு ஃபிரிட்ஜ் வாங்கப் போகிறீர்களா? "வட்டி ரொம்பக் கம்மி மேடம்" என்றால், கையெழுத்துப் போடுமுன் ஒரு துண்டுச் சீட்டு கேளுங்கள். கூட்டத் தெரிந்தால் போதும்!