வெள்ளலூருக்கு வந்த ரோமாபுரிக் காசு!

குட்டீஸ்... ஒரு ரூபாய் நாணயம் ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். 2011ல் வெளிவந்த, ரூபாய் சின்னம் போட்ட காசாக இருந்தால் ரொம்ப நல்லது. அதன் எடை நாலு கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ரோமாபுரியில் புழங்கிய 'தினாரியஸ்' என்ற வெள்ளிக் காசும் ஏறக்குறைய இதே எடைதான்!

அந்தக் காசைப் பார்க்க ரோமுக்குப் போக வேண்டாம். நம்ம கோயம்புத்தூர் மண்ணுக்குள்ளேயே கிடைத்திருக்கிறது.

போத்தனூர் பக்கத்தில் உள்ள வெள்ளலூர் என்றால், இன்று பலருக்கும் குப்பைக் கிடங்குதான் ஞாபகம் வரும். பாவம் அந்த ஊர்! அங்கே 1842ல் 522 ரோமானிய வெள்ளிக் காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. 1891ல் மறுபடியும் 547 காசுகள்! உடுமலைப்பேட்டை பக்கம் பூதிநத்தத்தில், 1946ல் ஆயிரத்து முந்நூறுக்கும் மேல். பொள்ளாச்சியிலும், கரூரிலும் கூடக் கிடைத்திருக்கின்றன.

ஏன் இங்கே மட்டும் இத்தனை? பாலக்காட்டுக் கணவாயை நினைத்துப் பாருங்கள். செங்கடலிலிருந்து பருவக்காற்றைப் பிடித்துக் கப்பல்கள் சேர நாட்டு முசிறித் துறைமுகத்துக்கு வரும். அங்கிருந்து மலையைத் தாண்டி உள்ளே வர சுலபமான வழி, அந்தக் கணவாய்தான். அதைத் தாண்டினால் நொய்யல் ஆறு. ஆற்றோரமாகவே நடந்தால் கொடுமணல், அப்புறம் கரூர். கொடுமணலில் விலை உயர்ந்த கற்களைப் பட்டை தீட்டி மணி செய்திருக்கிறார்கள். காங்கேயம் அருகே படியூரில் கிடைத்த பெரில் கல்லுக்கு ரோமில் ஏக கிராக்கி. மிளகுக்கும், கல்லுக்கும் விலையாக வந்ததுதான் இந்த வெள்ளி. ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் பணத்தை இந்தியா உறிஞ்சிவிடுகிறதே என்று, பிளினி என்ற ரோமானிய எழுத்தாளர் புலம்பியே இருக்கிறார்! நாலு செஸ்டர்ஸ் சேர்ந்தால் ஒரு தினாரியஸ். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சரி, காசில் என்ன இருக்கும்? ஒரு பக்கம் இலைக் கிரீடம் சூடிய அரசர் தலை. திபேரியஸ் காசு என்றால், மறுபக்கம் நாற்காலியில் உட்கார்ந்த பெண் உருவம். அகஸ்டஸ் காசு என்றால், பெரும்பாலும் கேடயமும் ஈட்டியுமாக இரண்டு இளவரசர்கள் நிற்பார்கள். இவற்றை அச்சடித்த ஊர் இன்றைய பிரான்ஸ் நாட்டிலுள்ள லியோன். பிரான்சிலிருந்து வெள்ளலூருக்கு... எவ்வளவு தூரம்!

இனிமேல்தான் சுவாரஸ்யம். கொங்கு நாட்டுப் புதையல்களை எண்ணிப் பார்த்த அறிஞர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். பெரும்பாலானவை அகஸ்டஸ், திபேரியஸ் என்ற இரண்டே அரசர்களின் காசுகள். பிறகு வந்த அரசர்களின் வெள்ளிக் காசுகள் ரொம்பக் கொஞ்சம். ஏன்? கி.பி. 64ல் நீரோ மன்னர் காசின் எடையைக் குறைத்து, வெள்ளியின் தரத்தையும் குறைத்துவிட்டார். 'பழைய காசு இருந்தா கொடுங்க, புதுசு வேண்டாம்' என்று நம்ம ஊர் வியாபாரிகள் கறாராகச் சொல்லியிருக்க வேண்டும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். கெட்டிக்காரர்கள்தான்!

ஒரே ஒரு காசு கையில் இருந்தால் இந்த விஷயம் தெரிந்திருக்குமா? தெரியாது. 522 காசையும் ஒன்றாக வைத்து எண்ணியதால்தான் தெரிந்தது. தோண்டியவர்கள் ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டு போயிருந்தால், நகைக் கடையில் உருக்கியிருந்தால், அவ்வளவுதான்.

அதனால், வீடு கட்டத் தோண்டும்போதோ, தோட்டத்தில் உழும்போதோ பழைய காசு கண்ணில் பட்டால், இன்னும் இருக்கிறதா என்று கிளறாதீர்கள். புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கவும் வேண்டாம். எழுத்து தேய்ந்துவிட்டால் யார் காசு என்றே தெரியாது. அப்பா, அம்மாவிடம் சொல்லி, கிராம நிர்வாக அலுவலருக்கோ, தாசில்தாருக்கோ தகவல் கொடுக்க வேண்டும். மண்ணில் புதைந்து கிடைப்பது பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் போனால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. இங்கிலாந்திலும் ரோமானியக் காசுப் புதையல்கள் நிறையக் கிடைக்கின்றன. அங்கேயும் கண்டெடுத்தவர் சொல்லியே ஆக வேண்டும்.

இன்னொரு சங்கதி. கரூர் அமராவதி ஆற்றில் சேர மன்னரின் வெள்ளிக் காசு ஒன்று கிடைத்தது. ரோமானியக் காசு மாதிரியே அதிலும் ஒரு தலை. ஆனால், எழுத்து நம்முடையது. பழைய தமிழ் எழுத்தில் 'மாக்கோதை' என்று இருக்கிறது!

ரோமானியக் காசுகளை நேரில் பார்க்க ஆசையா? சென்னை போனால், எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவை மறக்காதீர்கள்.

அதுவரை உங்கள் உண்டியலே புதையல்! கீழே கொட்டி, ஒன்று விடாமல் எண்ணுங்கள். ஆண்டுக்குக் கீழே பாருங்கள். நட்சத்திரம் இருந்தால் ஐதராபாத்தில் அச்சடித்தது. வைரம் போன்ற கட்டம் என்றால் மும்பை. புள்ளி என்றால் நொய்டா. ஒன்றுமே இல்லையென்றால் கோல்கட்டா. உங்கள் வீட்டு உண்டியலில் எந்த ஊர்க் காசு அதிகம்? ஏன் அந்த ஊர்?